தேவையில்லாத கதவு எதற்கு?

பிரெஞ்சில் 'போர்' என்றால் துறைமுகம், 'போர்த்' என்றால் கதவு. கம்ப்யூட்டர்க்காரர்கள் சொல்லும் 'போர்ட்' எனக்கு எப்போதும் கதவாகத்தான் படுகிறது. டிசிபியில் 65,535 எண்கள், யுடிபியிலும் அதே அளவு. வெறும் எண்ணால் ஆபத்தில்லை. அதன் பின்னால் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, யார் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் அதுதான் திறந்த கதவு.

"லினக்ஸ் போட்டாயிற்று, இனி பயமில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?" என்று நம் வயதுக்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை அதில்தானே ஐயா பார்க்கிறோம்?

2024 செப்டம்பரில் வெளிவந்த சங்கதியைக் கேளுங்கள். கப்ஸ்-பிரவுஸ்டு என்றொரு புரோகிராம். நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. பல லினக்ஸ்களில் நாம் கேட்காமலே வந்து, யுடிபி 631-இல் எல்லாப் பக்கமும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த வழியாக அந்நியன் ஒரு போலி பிரிண்டரைச் சேர்த்துவிடலாம். அதில் நாம் ஒரு தாளை அச்சிட்டால், அவன் எழுதிய கட்டளை நம் கம்ப்யூட்டரில் ஓடும். பிரிண்டரை யுஎஸ்பி வயரில் மாட்டியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சேவகம் எதற்கு?

"ரவுட்டர் இருக்கிறதே" என்பார்கள். அது தெருவில் வருபவனைத் தடுக்கும். நம் வைஃபையில் சேர்ந்துவிட்ட விருந்தாளியின் போனைத் தடுக்காது. "ஃபயர்வால்?" உபுண்டுவில் அது கூடவே வந்தாலும் இயங்காத நிலையில்தான் வருகிறது. அதையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாத ஆளை வேலையில் வைத்துக்கொண்டு அவனுக்குக் காவலும் போடுவது என்ன நிர்வாகம்?

டெர்மினலில் சுடோ போட்டு, 'எஸ்எஸ்' கட்டளையுடன் ஹைஃபன், டி-யு-எல்-பி-என் என்று தட்டினால் திறந்த கதவுகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் வரிசையாக வரும். 127.0.0.1 என்றிருப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும் கதவு, அதை விட்டுவிடுங்கள். 0.0.0.0 என்றிருந்தால் வெளியே பார்த்த கதவு. அந்தப் புரோகிராம் எதற்கென்று விசாரியுங்கள். தேவையில்லை என்றால் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'ஸ்டாப்' மட்டும் போதாது. மறுமுறை கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடி எழுந்து உட்காரும். 'டிஸேபிள்' என்றும் சொல்லுங்கள்.

மூடுகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். திறந்து வைத்தவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.