மடக்கு வண்டி மகாத்மியம்

"ஆபீஸுக்கும் போக வேண்டும், ஏரிக்கரைக்கும் போக வேண்டும், ரயில் பெட்டிக்குள்ளும் அடங்க வேண்டும். இப்படி ஒரு சைக்கிள் உண்டா, மாமா?" என்று என் தங்கையின் மகன் சென்ற வாரம் வந்து கேட்டான்.

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் கேட்டவனுக்குப் பின்னால் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். "சைக்கிள் என்ற பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது" என்பது அவள் போட்டிருந்த உத்தரவு. காரணமில்லாத உத்தரவல்ல. சென்ற வருஷம் பையன், விலை குறைவு என்ற ஒரே யோக்கியதையைப் பார்த்து ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஏரிக்கரை மேட்டில் ஓட்டினான். கல்லில் ஏறி இறங்கியதும் நடுவிலிருந்த கீல் திறந்துகொண்டது. முன் சக்கரம் ஒரு திசையிலும், பின் சக்கரம் வேறொரு திசையிலும், பையன் மூன்றாவது திசையிலும் பிரயாணமானார்கள். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு!

ஆகவே நேயர்களே, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் நியாயாதிபதியானேன். தீர்ப்புத் தவறினால் இன்னொரு மாவுக்கட்டு. அப்புறம் தங்கையின் முகத்தில் விழிக்க முடியாது.

மடக்கு சைக்கிள் ஏதோ நேற்று முளைத்த விளையாட்டுச் சாமான் என்று எண்ண வேண்டாம். இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி பாரசூட் வீரர்களுக்காக இத்தகைய வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. 1944-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி நார்மண்டிக் கரையில் கானடா நாட்டுச் சிப்பாய்கள் அவற்றைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். அந்த வண்டிக்கு முழு அளவுச் சக்கரங்கள். இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் சட்டம் நடுவில் மடியும். எங்கே இறங்குவோம், எந்தத் தரையில் ஓட்டுவோம் என்று தெரியாதவர்களுக்குப் பெரிய சக்கரமே உகந்தது.

நகரவாசியின் கஷ்டம் வேறு. அவனுக்குத் தரை நல்ல தரை, இடந்தான் இல்லை. 1970-களின் நடுவில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் உருவாக்கத் தொடங்கிய பிராம்ப்டன் வண்டிக்குச் சக்கரம் 16 அங்குலமே. மடித்தால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளமும் அவ்வளவே உயரமும் உள்ள மூட்டையாகிவிடும். அமெரிக்காவில் 1987-இல் தோன்றிய மாண்டேகு கம்பெனியோ முழு அளவுச் சக்கரத்தையே மடக்கு வண்டியில் வைத்தது. அது காட்டுப் பாதையில் ஓடும். ஆனால் மடித்த பிறகும் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியைப்போல் இடத்தை அடைக்கும். கூட்டமான ரயிலில் அதனுடன் ஏறினால் பக்கத்திலுள்ளவர்கள் வாழ்த்த மாட்டார்கள்.

சக்கரம் சிறுத்தால் என்ன கெடுதல்? ஒரு சிறு கணக்கு. பாதையில் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் கிடக்கிறது. 26 அங்குலச் சக்கரம் அதைத் தொடும்போது ஏறவேண்டிய சரிவு சுமார் 32 டிகிரி. 20 அங்குலச் சக்கரத்துக்கு 37. 16 அங்குலத்துக்கு 41. சிறிய சக்கரம் கல்லை ஏறுவதில்லை. முட்டுகிறது என்றே சொல்லலாம். அந்த முட்டல் முழுவதும் கீலுக்கும், நீண்ட ஆசனக் கம்பிக்கும், ஓட்டுகிறவரின் மணிக்கட்டுக்கும் போய்ச் சேருகிறது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களும் உண்டு. ஆங்கில எஞ்சினியர் அலெக்ஸ் மௌல்டன் 1962-இல் வெளியிட்ட சிறு சக்கர வண்டியில் அதிர்ச்சி தாங்க ரப்பர் அமைப்பு வைத்தார். ஜெர்மனியில் 1995-இல் வந்த 'பெர்டி' வண்டியில் அதிர்ச்சி தாங்கும் மூட்டுகளே மடக்கும் கீல்களாகவும் வேலை செய்கின்றன. புத்திசாலித்தனந்தான், அதற்குத் தக்க விலையும் உண்டு.

ஆகவே முதலில் பையனை ஒரு கேள்வி கேட்டேன்: "வாரத்தில் எத்தனை நாள் ரயில்? எத்தனை நாள் ஏரிக்கரை?"

"ஐந்து நாள் ரயில், ஒரு நாள் ஏரிக்கரை."

"அப்படியானால் ஐந்து நாளுக்கு வண்டி வாங்கு, ஒரு நாளுக்கு வண்டியைப் பழக்கு."

இதன் பொருள் 20 அங்குலச் சக்கரம். அதிலும் இரண்டு வகை உண்டு. டயரில் 406 என்ற எண் போட்டதையே வாங்க வேண்டும். 451 என்றிருந்தால் அகலமான டயர் கிடைப்பது கஷ்டம். டயர் ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம் இருக்கட்டும்; சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். சிறு சக்கர வண்டியில் கியர் மாற்றும் கருவி தரைக்கு வெகு அருகில் தொங்கும். கல்லில் இடிபடாமல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியம் கீல். தாழ்ப்பாள் ஒன்று போதாது. அது தானே திறவாதபடி தடுக்கும் இரண்டாவது கொண்டியும் வேண்டும். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீலில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் கடைக்காரருக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். பத்து முறை மடித்து விரியுங்கள். மடித்ததைக் கையில் தூக்கி ஒரு மாடி ஏறுங்கள். 12 கிலோ என்பது காகிதத்தில் லேசு. கடைசிப் படியில்தான் அதன் நிஜ ரூபம் தெரியும். வண்டியோடு வரும் புஸ்தகத்தில் எவ்வளவு எடை தாங்கும், எந்தத் தரையில் ஓட்டலாம் என்று அச்சிட்டிருப்பதையும் படித்துவிடுங்கள். செம்மண் பாதையும் சரளையும் சரி. பாறையும் பள்ளம் தாண்டுதலும் மடக்கு வண்டிக்கு ஆகா.

கடைக்குத் தங்கையையும் அழைத்துப் போனேன். பையன் நிறத்தைப் பார்த்தான். நான் விலையைப் பார்த்தேன். அவள் கீலை மட்டுமே பார்த்தாள். கொண்டியைத் தன் கையாலேயே நாலு முறை மூடித் திறந்து, இழுத்து, அசைத்தாள். "இது நிற்கும்" என்றாள்.

இப்போது தினம் காலையில் பையன் புறப்படுமுன் அவள் வாசலுக்கு வந்து அந்தக் கொண்டியைத் தொட்டுப் பார்க்கிறாள். கல் மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதாகப் பையனும் வாக்குக் கொடுத்திருக்கிறான். வண்டியைவிட அந்த வாக்கு உறுதியாயிருக்க வேண்டுமென்பதே என் பிரார்த்தனை.