கூடு விட்டுக் கூடு பாயத் தடை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் புதிய செயலியும் இல்லாத காரணத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல மூலைக்குப் போகின்றன. அன்றிலிருந்து நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போடுகிறேன். அதில் இருந்த விண்டோஸைப் புதிய கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாக வைத்துக்கொள்ளலாம் இல்லையா? காசு கொடுத்து வாங்கியதுதானே?"

செய்வது எளிது. வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக மாற்றி, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளிடம் கொடுத்தால் பழைய கணினி ஒரு சாளரத்துக்குள் எழுந்து உட்காரும். ஐபிஎம் 1972-இலேயே தன் பெருங்கணினிகளுக்கு இந்த வித்தையை விற்கத் தொடங்கிவிட்டது. 1999-இல் விஎம்வேர் அதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. நம் சித்தர்கள் செய்ததாகச் சொல்லப்படும் கூடு விட்டுக் கூடு பாய்தலேதான். ஆனால் திருமூலர் யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ், கடையில் தனியாக வாங்கும் விண்டோஸ் அல்ல. டெல், எச்பி போன்ற தயாரிப்பாளர்கள் மொத்தமாக, மலிவாகப் பெற்று நிறுவித் தருவது அது. ஓஇஎம் உரிமம் என்பார்கள். விலை குறைவதற்கு ஈடாக அந்த உரிமம் அந்த இயந்திரத்தின் உடம்போடு கட்டப்படுகிறது. எக்ஸ்பி காலத்தில் பெரிய தயாரிப்பாளர்களின் நிறுவல் வட்டு, பயாஸுக்குள் அந்த நிறுவனத்தின் அடையாளம் இருக்கிறதா என்று தேடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் உரிமச் சாவியையே தாய்ப்பலகைக்குள் எழுதிவைத்தார்கள். மெய்நிகர்க் கணினிக்கு பயாஸும் மெய்நிகர்தான். அங்கே போய்த் தன் எஜமானைத் தேடும் விண்டோஸ், காணாமல் முரண்டு பிடிக்கிறது.

விண்டோஸ் 10-இன் ஒப்பந்தம் இன்னும் கறாரானது. கருவி என்பது உண்மையானதாக இருந்தாலும் மெய்நிகராக இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான்; ஓர் உரிமத்துக்கு ஒரு நிறுவல்தான். கணினியோடு வந்த உரிமத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அந்தக் கணினியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே அதே மடிக்கணினியில்கூட, விண்டோஸுக்குள் அதே விண்டோஸின் இரண்டாவது பிரதியை ஓட்ட இன்னோர் உரிமம் வேண்டும்.

இவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு என்று நம்புகிறவர்கள் விஸ்டாவின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 2007-இல் அது வந்தபோது வீட்டுப் பதிப்புகளை மெய்நிகர்க் கணினியில் நிறுவவே கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். 2008 ஜனவரியில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். 2009-இல் விண்டோஸ் 7-இன் தொழில்முறைப் பதிப்பை வாங்கியவர்களுக்கு, உரிமத்தோடு கூடிய எக்ஸ்பி ஒன்றை மெய்நிகர்க் கணினியாக இலவசமாகவே தந்தார்கள்! ஆபத்து என்று சொன்ன பொருள் இரண்டே ஆண்டில் அன்பளிப்பானது எப்படி? பழைய மென்பொருளை விட மறுத்த அலுவலகங்களைப் புதிய விண்டோஸுக்கு இழுக்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. ஆப்பிளும் 2011-இல் லயன் பதிப்பில் இரண்டு மெய்நிகர்ப் பிரதிகளை அனுமதித்தது, ஆப்பிள் கணினிக்குள் மட்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே, ஓஇஎம் பிரதியைக் கணினி இல்லாமல் மறுவிற்பனை செய்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரையற்ற உரிமம் என்பது விற்பனையே என்றது. அமெரிக்காவிலோ 2010-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டோடெஸ்க் வழக்கில் இதற்கு நேர்மாறாக, நீ வாங்கியது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, பொருளை அல்ல என்றது. பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் தமிழரும் கலிபோர்னியாவில் இருக்கும் தமிழரும் ஒரே வட்டை வைத்திருந்தாலும் அவர்கள் கையில் இருப்பது ஒரே பொருள் அல்ல. ஜெர்மன் தீர்ப்பும் மறுவிற்பனையைப் பற்றியதுதான். சாவியைச் சரிபார்க்கும் நிரல் தீர்ப்புகளைப் படிப்பதில்லை.

விளையாட்டுக்காக விண்டோஸ் வேண்டுபவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கவலை வேறு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் புலம்பெயர்ந்த நாடுகளில் வந்த சிற்றிதழ்கள், மலர்கள், ஊர்ச்சங்க வெளியீடுகள் பாமினியிலும் தகுதரத்திலும் இன்னும் பல எழுத்துருக்களிலும் தட்டச்சாகி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. எழுத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு. பக்கத்தை அப்படியே காண வேண்டுமானால் பழைய பேஜ்மேக்கர் வேண்டும். அதற்குப் பழைய விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 98-க்கு இணையவழிச் சரிபார்ப்பு இல்லை என்பதால் அது சத்தமில்லாமல் எழுந்துவிடும். உரிமக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். எக்ஸ்பியோ சாவி கேட்கும். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. கணினி செத்தால் அதோடு வந்த உரிமமும் செத்தது; புதிதாக வாங்கலாமென்றால் விற்பாரில்லை.

அமெரிக்காவில் 2018-இல், சந்தையில் இல்லாத மென்பொருளைப் பாதுகாப்பதற்காக அதன் பூட்டைத் திறக்க நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் விலக்கு அளித்தார்கள். நம் இதழ்களின் கோப்புகள் இருப்பது எந்தக் காப்பகத்திலும் அல்ல. ஆசிரியராக இருந்தவரின் வீட்டு நிலவறையில், அட்டைப் பெட்டிக்குள். தயாரிப்பாளரே விற்பதை நிறுத்திவிட்ட பதிப்புக்கு, மூல இயந்திரம் பயனில் இல்லாதபோது, ஒரு பிரதி மட்டும் மெய்நிகராக ஓட்டிக்கொள்ள உரிமத்திலேயே இடம் தரலாம். அதனால் யாருடைய வருமானமும் குறையப்போவதில்லை.

அது வரும்வரை, பெட்டியில் அப்படிக் கணினி வைத்திருப்பவர்கள் அது இன்னும் உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு இதழையும் அதே கணினியில் திறந்து, எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். மூலக் கோப்புகளையும் எழுத்துருக் கோப்புகளையும் தனியே பிரதியெடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் உரிம ஸ்டிக்கரை, எழுத்து அழிவதற்குள் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.