பழைய டீசல் வண்டியில் இ.ஜி.ஆரை அடைத்துவிடலாமா?

‘‘குறுவை நெல் விற்ற பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் எஸ்.யூ.வி. வாங்கினேன். 2018-ம் வருடத்து வண்டி. 1,74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு மாதமாக என்ஜின் லைட் எரிகிறது, கரும்புகை வருகிறது, பாலம் ஏறும்போது இழுவை இல்லை. ‘அண்ணே, இ.ஜி.ஆர்.தான் கோளாறு. தகடு வச்சு அடைச்சு, சாஃப்ட்வேரையும் மாத்திட்டா இனிமே தொந்தரவே இருக்காது’ என்கிறார் மெக்கானிக். சம்பா நடவுச் செலவு முன்னால் நிற்கிறது. அடைத்துவிடலாமா?’’

- ஒரு வாசகர், கும்பகோணம் வட்டம்.

அடைக்க வேண்டாம். இவர் சொல்லும் அறிகுறிகளுக்கு இ.ஜி.ஆரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அதற்கும் முன்னால், கோளாறு அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நெல் மஞ்சளானதும் துத்தநாகப் பற்றாக்குறையா, வேர் அழுகலா என்று பார்க்காமல் யூரியா மூட்டையைப் பிரித்தால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். வண்டிக்கும் அதே கதைதான்.

இ.ஜி.ஆர். செய்யும் வேலை

என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் என்ஜினுக்குள் அனுப்பும் வால்வுதான் இ.ஜி.ஆர். அந்தப் புகை உள்ளே போனதும் ஆக்சிஜன் அளவு குறைகிறது. எரியும் வெப்பமும் குறைகிறது. வெப்பம் அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் முதல் பி.எஸ்.-4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 என விதிகள் இறுகியதும், டீசல் வண்டிகளில் இது தவிர்க்க முடியாத உறுப்பாகிவிட்டது.

இதில் ஒரு குறை உண்டு. திரும்பி வரும் புகையில் கரித்தூள் இருக்கிறது. என்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் ஆவியும் வருகிறது. இரண்டும் கலந்து தார் போல வால்விலும், காற்று போகும் மேனிஃபோல்டிலும் படிந்துவிடும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் இது படிந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

மெக்கானிக் சொல்வதில் உண்மை எவ்வளவு?

பாதி உண்மை. கரி படிந்து வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், முழு இழுவை தேவைப்படும் நேரத்திலும் புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும். நல்ல காற்று போதாமல் டீசல் சரியாக எரியாது. கரும்புகை வரும், பாலத்தில் வண்டி திணறும். தகடு வைத்து அடைத்தால் அந்தத் தொந்தரவு உடனே நின்றுவிடும். அதனால்தான் பல மெக்கானிக்குகள் இதை நம்பிச் செய்கிறார்கள்.

ஆனால் நல்ல நிலையில் உள்ள வண்டியில், ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தும்போது கம்ப்யூட்டரே அந்த வால்வை மூடிவிடும். ஆகவே, அடைப்பதால் பாரம் இழுக்கும் சக்தி கூடுதலாகக் கிடைக்காது. சுத்தம் செய்த வால்வும், தகடு போட்ட வால்வும் பாலம் ஏறும்போது ஒன்றுதான்.

அடைப்பதில் வேறு சிக்கல்களும் இருக்கின்றன. புகை வரவில்லை என்பதை சென்சார் கண்டுபிடித்து மீண்டும் லைட்டைப் போடும். சில வண்டிகளில் வேகத்தையும் கட்டுப்படுத்திவிடும். அதை மறைக்கத்தான் சாஃப்ட்வேரை மாற்றச் சொல்கிறார்கள். அதில் வேறு எதையெல்லாம் மாற்றினார்கள், டீசல் அளவைக் கூட்டினார்களா என்பது வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வேறொரு கோளாறு வந்தால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரியாகக் கண்டுபிடிப்பது சிரமம். முக்கியமாக, இவ்வளவு கரி சேரக் காரணம் ஒழுகும் இன்ஜெக்டராகவோ, எண்ணெய் விடும் டர்போவாகவோ இருந்தால், தகடு அதை மறைத்துவிடும். நடுவழியில் வண்டி நிற்பதற்கு அதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால், 190-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

‘புகைச் சான்று கிடைத்துவிடுமே’ என்று சிலர் கேட்பார்கள். கிடைத்துவிடும். டீசல் வண்டிக்கான அந்தச் சோதனையில் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆனால் சான்று கிடைப்பதால் செய்த மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது.

இந்த நைட்ரஜன் ஆக்சைடுக்காகத்தான் 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் மாட்டியது. சோதனையில் மட்டும் மாசைக் குறைத்துக்காட்டி, சாலையில் அதிகம் வெளியேற்றும் சாஃப்ட்வேர், உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகளில் இருந்தது. இந்தியாவிலும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது. இந்த வாயு நுரையீரலுக்குக் கேடு. வெயிலில் வேறு வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறுகிறது. அந்த ஓசோன் நெல், கோதுமை இலைகளைப் பாதித்து விளைச்சலைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது?

வண்டியில் புதிதாக ஒரு வசதி வந்து தொந்தரவு கொடுத்தால் அதைத் துண்டித்துவிட நினைப்பது எல்லா ஊரிலும் உண்டு. 1981-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், தேவைக்கேற்ப 8 சிலிண்டரை 6 ஆகவும் 4 ஆகவும் குறைத்து ஓடும் என்ஜின் வந்தது. அது சரியாக வேலை செய்யாததால் பலர் அந்த ஏற்பாட்டைத் துண்டித்துவிட்டு 8 சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். இன்று நம் நாட்டில் விற்கும் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் கார்களின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினிலும், பாரம் குறைவாக இருக்கும்போது 4 சிலிண்டரில் 2 ஓய்வெடுத்துக்கொள்ளும். இது எரிபொருள் சிக்கனத்துக்கான ஏற்பாடு.

சிக்னலில் தானாக நின்று கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அணைக்க, பல வண்டிகளில் கம்பெனியே சுவிட்ச் கொடுத்திருக்கிறது. அதைத் தாராளமாக அணைக்கலாம். சுவிட்ச் இல்லாத ஒன்றை, தகடு வைத்தும் சாஃப்ட்வேரை மாற்றியும் முடக்கக் கூடாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம்

1. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியால் இது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கரும்புகைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

2. டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று கசிந்தாலும் இழுவை போகும், புகை வரும்.

3. ஸ்கேனர் போட்டு, வரும் கோடை எழுதி வாங்க வேண்டும். பி-0401 என்றால் இ.ஜி.ஆரில் ஓட்டம் குறைவு. பி-0402 என்றால் ஓட்டம் அதிகம். இன்ஜெக்டர், டர்போ பற்றிய கோடு வந்தால் இ.ஜி.ஆரைத் தொடுவதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

4. இ.ஜி.ஆர்.தான் என்று உறுதியானால் வால்வு, இ.ஜி.ஆர். கூலர், மேனிஃபோல்டு மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்ட வேண்டும். வால்வை மட்டும் துடைத்து மாட்டினால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். வால்வின் மோட்டார் கெட்டிருந்தால் மட்டும் புது வால்வு தேவை.

5. கூலன்ட் அளவைத் தினமும் பார்க்க வேண்டும். வெளியே ஒழுகாமல் அளவு குறைந்தாலோ, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ இ.ஜி.ஆர். கூலரில் ஓட்டை இருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கலாம். அப்படியென்றால் வண்டியை ஓட்டக் கூடாது. அப்பாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது.

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம். கேஸ்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்தால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் தங்காது.

திரும்பக் கரி படியாமலிருக்க

வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வயல் என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடும் வண்டியில் என்ஜின் சரியாகச் சூடாவதில்லை. கரி அதிகம் சேரும். தஞ்சாவூர் போகும்போது, சாலை அனுமதிக்கும் இடத்தில் இருபது நிமிடமாவது ஒரே சீராக, 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவது நல்லது. டாப் கியரில் திணறத் திணற ஓட்டக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கம்பெனி சொன்ன தர எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

பி.எஸ்.-6 வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆரோடு, கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் இருக்கும். அதையும் கழற்றக் கூடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதி வந்துவிட்டதால், அங்கும் இதே பேச்சு வரும். பதிலும் இதேதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், விலை பேசும் முன் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதோடு, இ.ஜி.ஆரில் தகடு இருக்கிறதா என்பதையும் நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால், அதை எடுத்துப் பழையபடி ஆக்கும் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.