கோப்பைக்காகவா நாய்க் கண்காட்சி?

சேத்தியாத்தோப்பு: "அசல் ராஜபாளையம் சார்!" என்கிறார் குட்டி விற்பவர். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அசல்தான் என்று யார் சொல்வது?

அதற்குத்தான் கண்காட்சி. 1896-ல் தொடங்கிய இந்திய கென்னல் கிளப்புக்குத் தலைமையகம் சென்னை. கண்காட்சியில் நடுவர் பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டும் பார்ப்பார். கூட்டத்தில் மிரளாமல் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். "என் நாய் நல்ல நாய்" என்று வளர்ப்பவரே சொன்னால் போதுமா? வேற்று ஆள் சொல்லணும். இனவிருத்திக்கு விடுமுன் பொறுப்பானவர்கள் அங்கே போவது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்று. கோப்பை வாங்கிய நாய்க்கும் நோய் இருக்கலாம். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்!