சுற்றறிக்கையும் சுற்றமும்

ஆணை பறக்கிறது; அறை அடங்குகிறது. "ஆகா, என்ன கட்டுப்பாடு! என்ன தலைமை!" என்று அகமகிழ்கின்றனர் சிலர். மகிழ்வோரைக் கேட்கிறேன்: அங்கே அடங்கிக் கிடப்பவர் யார்? ஐயம் கேட்க அஞ்சும் மாணவன். குறை கூற அஞ்சும் ஆசிரியை. பள்ளி வாயிலிலேயே தயங்கி நிற்கும் கூலிக்காரத் தாய். இம்மூவரும் வாய்மூடி நிற்கும் இடத்திற்குப் பள்ளி என்றா பெயர்? பண்ணையார் மாளிகைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அங்கே படிக்காதவன் கைகட்டி நின்றான். இங்கே படித்தவரும் கைகட்டி நிற்கின்றனர். வளர்ச்சி இவ்வளவுதான்!

நாற்காலி, அரசாணையால் வரும், பணிமூப்பால் வரும். தலைமை அப்படி வருவதில்லை. சொல்லும் சொல்லாலும், கேட்கும் செவியாலும், அவ்விரண்டும் வளர்க்கும் உறவாலும் நாள்தோறும் ஈட்டப்படுவது அது. ஈட்டாதவன் அமர்ந்திருப்பது நாற்காலியில் மட்டுமே.

இது மேல்நாட்டு மேலாண்மை நூல்களிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று ஏளனம் செய்வோர் உளரெனில், அவர்கள் வள்ளுவரைப் புரட்டட்டும். குறளின் 42ஆவது அதிகாரம் கேள்வி. இல்லறத்தானுக்கும் துறவிக்கும் உரிய நல்லுரையாக அறத்துப்பாலில் அதை வைத்தாரா அவர்? இல்லை. பொருட்பாலில், அரசியலில், ஆள்வோனின் இலக்கணம் கூறும் இடத்தில் வைத்தார். இறைமாட்சி, கல்வி, கல்லாமை, அடுத்தது கேள்வி! அதே அரசியலில்தான் இடித்துரைக்கும் துணையை நாடச் சொல்லும் பெரியாரைத் துணைக்கோடல் இருக்கிறது. 53ஆவதாகச் சுற்றந்தழால் இருக்கிறது. குறளில் அதிகாரம் என்றால் பத்துப் பாக்கள். நம் பள்ளிகள் பலவற்றில் அதிகாரம் என்றால் பத்து மிரட்டல்!

தமிழின் நுட்பத்தையும் பாருங்கள். செவிசாய்ப்பதும் கேள்வி, வினாத் தொடுப்பதும் கேள்வி. செவிசாய்க்கத் தெரியாதவன் முன் எவனும் வினாத் தொடுக்கமாட்டான். அவன் ஆளும் பள்ளியில் இரண்டு கேள்வியும் ஒன்றாகவே சாகும். கேள்வி செத்த இடத்தில் பகுத்தறிவு எங்ஙனம் பிழைக்கும்? மேடையில் நாம் ஆண்டு முழுதும் விதைப்பதை ஒரு முறைத்த பார்வை ஒரே நொடியில் கருக்கிவிடும்.

இன்று பள்ளித் துறையில் சொல் எத்திசையில் ஓடுகிறது? மேலிருந்து கீழே. இயக்ககம் மாவட்டத்திற்கு, மாவட்டம் வட்டாரத்திற்கு, வட்டாரம் தலைமையாசிரியருக்கு, அவர் ஆசிரியருக்கு, ஆசிரியர் மாணவனுக்கு. அன்று சுற்றறிக்கை தபாலில் வந்தது. இன்று வாட்சாப்பில் வருகிறது. வேகம் கூடிற்று, திசை மாறவில்லை. கீழிருந்து மேலே போவது என்ன? எண்ணிக்கை. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் உண்டனர், எத்தனை பேர் தேறினர். எண்ணிக்கை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், வராத பிள்ளையின் கண்ணீருக்குக் கட்டம் போட்ட படிவம் இன்னும் அச்சாகவில்லை!

ஆசிரியர் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. ஒருவர் பேசுகிறார், மற்றவர் கையொப்பமிடுகின்றனர், கூட்டம் இனிதே முடிகிறது! மேலிடத்தில் குட்டுப்பட்டவர் கீழே குட்டுகிறார். அவரிடம் பட்டவர் வகுப்பில் குட்டுகிறார். கடைசிக் குட்டு, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழைப் பிள்ளையின் தலையில் விழுகிறது. உடலை வருத்தும் தண்டனையும் உள்ளத்தைப் புண்படுத்தும் தொல்லையும் கூடாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிற்று. நாவிலிருக்கும் பிரம்பைப் பிடுங்குவது யார்?

பள்ளிச் சுவர்களிலே இரண்டு எண்களைக் காண்கிறோம்: 1098, 14417. துன்பம் நேர்ந்தால் அழை என்கின்றன அவை. தேவையான ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆயினும் உங்களைக் கேட்கிறேன், தோழர்களே! எங்கோ ஒலிக்கும் முகமறியாத குரலை நம்பும் குழந்தை, பத்தடி தூரத்தில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியரை ஏன் நம்பவில்லை? தமக்குக் கீழே பணிபுரிபவர் குழந்தைக்கு இழைத்த பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காமல் விடும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அப்படியொரு பிரிவு ஏன் தேவைப்பட்டது? 'பள்ளியின் மானம்' என்னும் பொய்த் தெய்வத்திற்குக் குழந்தையைப் பலியிடும் பூசாரிகள் நாட்டில் இருப்பதால்!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பிலே பிறந்த மாணவன் ஒருவன், உடன் படித்தோர் தந்த சாதித் தொல்லை பொறுக்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பள்ளியில் காரணம் கேட்டனர், நடந்ததைச் சொன்னான். அதன்பின், வீடு புகுந்து அவனை வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அரிவாள் ஏந்தியவரும் மாணவர்களே! கேட்டது தவறா? இல்லை. அவன் வராமல் நின்றபிறகுதான் கேட்க நேர்ந்தது என்பதே அவலம். சொன்ன பிள்ளைக்கு அரணாக நிற்கும் உறவு முன்னரே கட்டப்படாமற்போனதே அவலம். சொல்லுக்குக் காவல் வேண்டும். காவலைக் காட்டாமல் "மனம் திறந்து பேசு" என்று மாணவனிடம் சொல்வது, நீச்சல் தெரியாதவனை ஆற்றில் இறங்கச் சொல்வதாகும்.

அந்தக் கொடுமைக்குப்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலே சாதி ஒட்டு கூடாது. சாதி காட்டும் வண்ணக் கயிறு மணிக்கட்டிலே கூடாது. ஒரு வட்டாரத்தில் மிகுந்திருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராக அமர்த்தக்கூடாது என்பவை அதன் பரிந்துரைகளுட் சில. மூன்றாவதைக் கண்டு முகஞ்சுளித்தோர் உண்டு. ஏன் அப்படியொரு பரிந்துரை பிறந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனரா?

உறவு இருவகை. "நம்மவர்" என்று குருதியை மோப்பம் பிடித்து ஒட்டிக்கொள்வது ஒன்று. அது ஆசிரியர் அறையைக் குழுக்களாகப் பிளக்கும். ஒருவனுக்குச் செல்லமும் ஒருவனுக்குச் சுடுசொல்லும் வழங்கும். "நம் பள்ளி, நம் பிள்ளை" என்னும் பொறுப்பிலே பிறப்பது மற்றொன்று. அது பெயரைக் கேட்கும். ஊரையும் தெருவையும் துருவாது. உறவு உறவு என்று நான் ஓதுவது முன்னதற்கு உரமாகுமெனில், என் கட்டுரையைக் கிழித்தெறியுங்கள்! முன்னதை வேரறுத்தாலன்றிப் பின்னது முளைக்காது.

"இடங்கொடுத்தால் தலைமேல் ஏறுவர், கட்டுப்பாடு காற்றிலே பறக்கும்" என்பார் கடைசி வாதமாக. போலந்து நாட்டு வார்சா நகரிலே மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக், 1912 முதல் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லத்தை நடத்தினார். அங்கே குழந்தைகளுக்கென்று நீதிமன்றம், குழந்தைகளே நீதிபதிகள். ஆசிரியர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக் மீதே வழக்கு வந்தது! இல்லம் இடிந்து வீழ்ந்ததா? 1942 ஆகஸ்டில் நாசிகள் அக்குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்கு ஓட்டிச் சென்றபோது, தப்பும் வாய்ப்பு இருந்தும் அதை உதறிவிட்டு, குழந்தைகளோடு நடந்தே சென்றார் அந்த மாமனிதர். எந்தச் சுற்றறிக்கை அவரை நடக்கவைத்தது?

உருக்கம் போதாது, கணக்கு வேண்டும் என்போர்க்கு அமெரிக்கச் சிகாகோ நகரின் கணக்கு உண்டு. 1990களில் அந்நகரத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த பிரைக், சினைடர் என்னும் இருவர், 2002இல் தம் முடிவுகளை நூலாக்கினர். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே ஒருவரையொருவர் நம்பும் உறவு வலுவாயிருந்த பள்ளிகளில், இரண்டுக்கு ஒன்று படிப்பிலும் கணக்கிலும் முன்னேறும் பட்டியலில் இடம்பெற்றது. அந்நம்பிக்கை மிக நலிந்திருந்த பள்ளிகளில் ஏழுக்கு ஒன்றே இடம்பெற்றது. கோயில் வாயிலில் கேட்கும் நம்பிக்கை வேறு. இது சொன்னதைச் செய்வதால் விளையும் நம்பிக்கை.

அயல்நாடு எதற்கு? நம் மண்ணிலேயே, ஒரே பத்தாண்டிலே, இருவகைத் தலைமையையும் கண்டோம். 1953இல் ஆச்சாரியார் புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதிப் பொழுதில் தகப்பன் தொழில்! சட்டமன்றத்தை முன்கூட்டிக் கலந்தாரா? பெற்றோரைக் கேட்டாரா? இல்லை. நாடு கொதித்தது; 1954இல் திட்டம் மடிந்தது. அதன்பின் காமராசர் ஆட்சியிலே பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊரைத் தேடிச் சென்றார். 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரிடம் பேசினர்; ஊரார் வாரி வழங்கினர். 1956இல் தொடங்கிய பகல் உணவுத் திட்டமும் முதலில் மக்கள் நன்கொடையிலே காலூன்றி, பின்னர் அரசின் துணையைப் பெற்றது. ஆணையிட்ட கல்வி அடுத்த ஆண்டே மாண்டது. உரையாடிய கல்வி தலைமுறைகளை வாழவைத்தது.

அந்த உரையாடலின் வாரிசாக இன்று நம் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் தந்த உரிமை அது: உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராதல் வேண்டும், பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். ஏட்டிலே எத்தகைய புரட்சி! நடப்பிலோ, பல ஊர்களில் அந்தத் தாயின் பங்கு கையொப்பத்தோடு முடிகிறது. கூலி போகும் வேளையிலே கூட்டத்திற்கு அழைப்பது, வந்தவளை நிற்கவைப்பது, "எழுதியாகிவிட்டது, இங்கே போடம்மா" என்று பேனாவை நீட்டுவது. கைந்நாட்டை ஒழித்தோம் என்று பெருமை பேசும் நாட்டிலே, படிக்கவிடாமல் வாங்கும் கையொப்பமும் கைந்நாட்டே!

நாம் கேட்பது பெரிதன்று. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கடைசியாகப் பேசட்டும். இளைய ஆசிரியர் முதலில் பேசட்டும். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஓர் ஆசிரியர் செல்லட்டும். மாணவர் தரும் முறையீட்டிற்குக் குறித்த நாளில் விடை கிடைக்கட்டும். முறையிட்டவனுக்குத் தீங்கு நேராமல் பள்ளியே பொறுப்பேற்கட்டும். பெற்றோர் கூட்டம் பெற்றோருக்கு ஏற்ற வேளையில் நடக்கட்டும். அவர்கள் அமர நாற்காலி இருக்கட்டும். இவற்றுள் எதற்கும் கருவூலம் திறக்கவேண்டியதில்லை. திறக்கவேண்டியது செவி.

இளைஞர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் உளர் என்று அறிந்திருக்கிறீர்களா? அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டிருக்கிறீர்களா? கூட்டத்திற்குச் செல்லும் தாய்மாருக்குத் தீர்மானத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கவேண்டியதைக் கேட்கத் துணை நில்லுங்கள். நூறு மேடையிலே நாம் முழங்கும் சமத்துவம், ஒரு தலைமையாசிரியர் அறையிலே ஒரு கூலிக்காரத் தாய் நாற்காலியில் அமர்ந்து "ஏன்?" என்று கேட்கும் நாளில்தான் மெய்யாகும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு விடை சொல்லக் கற்றவரே தலைமையாசிரியர். கல்லாதவர், தலைமைப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவே!