குழிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு?

புனேயில் எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். மகளின் கல்விக் கடனுக்காக வந்த அன்று அவர் சொன்னார்: "சுரங்கத்தை மூடியபோது கிடைத்த தொகையைப் போல அப்பா ஒருசேரப் பணத்தைக் கண்டதே இல்லை சார். மூன்றே ஆண்டில் தீர்ந்துவிட்டது." தங்கையின் திருமணம், பழைய கடன், தாயாரின் மருத்துவம் எனச் செலவுகள், வீண்செலவு ஒன்றுமில்லை. சேமிப்பின் அருமையைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

1880-களில் ஆங்கிலேய நிறுவனம் தோண்டத் தொடங்கிய வயல் அது. பெங்களூருக்கும் முன்பாக, 1902-லேயே சிவசமுத்திரத்தின் மின்சாரம் அங்கு வந்தது. வட ஆற்காட்டுத் தமிழர்கள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை விஞ்சிவிட்டது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் அக்கணக்கை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது நிறுவனத்தின் கணக்கு மட்டுமே. பணிப்பதிவேட்டில் பெயர் இருந்தோருக்கு இழப்பீடு உண்டு. அவர்களை நம்பியிருந்த மளிகைக் கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் எந்தப் பதிவேடும் இல்லை.

நம் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர், யவத்மாள் மாவட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. அவையும் ஒருநாள் தீரும். நிலக்கரித் துறைக்கு 2009-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டுநெறி, சுரங்கம் இயங்கும் காலத்திலேயே மூடும் செலவுக்காக ஆண்டுதோறும் வங்கியின் எஸ்க்ரோ கணக்கில் பணம் செலுத்தப் பணித்தது. சிறந்த ஏற்பாடு. எனினும் அத்தொகைக்கு அளவுகோல் ஹெக்டேர். மண்ணை அளக்க அது போதும்; மனிதரை அளக்கப் போதாது.

அதே முறையில், இலாபம் வரும் ஆண்டுகளிலேயே ஊருக்கெனத் தனிக் கணக்கு ஒன்று சேரவேண்டும் என்பது என் கருத்து. இளைஞரின் தொழிற்பயிற்சிக்கும், சிறுவணிகர் கடனுக்கான உத்தரவாதத்திற்கும், குடிநீர், மருத்துவமனைப் பராமரிப்புக்கும் அது பயன்படட்டும். வங்கியாளர்களாகிய நாங்களும் மாறவேண்டும். மொத்தத் தொகை வரும் நாளில் வைப்புநிதிப் படிவத்துடன் செல்வதே எங்கள் வழக்கம். ஐந்தாண்டு முன்னரே சென்று, ஓய்வூதியம்போல் மாதந்தோறும் கிடைக்கும் வழிகளை விளக்கியிருந்தால் அந்தத் தந்தையாருக்குச் சிறிதேனும் உதவியிருக்கும்.

வாடிக்கையாளரின் தம்பி இன்றும் தங்கவயலில்தான் வசிக்கிறார். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் உறங்க மட்டும் ஊர் திரும்புகிறார்.