பச்சைக் குழந்தைக்கு மோட்சம் உண்டா?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய கடற்கரை ஊர்களுக்குள் சுனாமி அலை புகுந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். குளச்சலில் பெரிய குழி தோண்டி, உடல்களை ஒன்றாக அடக்கம் செய்தார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது?"

ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் நேரே மோட்சம் போகும் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. பெறாத பச்சைக் குழந்தை?

இதற்குப் பழைய காலத்தில் கிடைத்த பதில் கொடியது. எல்லோரும் ஆதாமின் பாவத்தோடுதான் பிறக்கிறார்கள். இதை 'ஜென்மப் பாவம்' என்பார்கள். ஞானஸ்நானம் பெற்றால் அது நீங்கும். பெறாமல் இறந்தால் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக லேசானது என்று 5-ம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் கூறினார். பின்னால் வந்த அறிஞர்கள் சற்று மனம் இளகினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வேதனை இல்லை. ஆனால் கடவுளின் தரிசனமும் இல்லை. 'லிம்போ' என்ற தனி இடம் உண்டு என்றார்கள்.

தாய்க்கு இது ஆறுதலா? அவள் மோட்சம் போனாலும் பிள்ளையைப் பார்க்க முடியாது என்றுதானே அர்த்தம்!

அதனால்தான் அத்தனை அவசரம். புனித சவேரியார் 1544-ம் ஆண்டின் கடைசியில் இந்தக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் 10 ஆயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். பிள்ளை பிழைக்காது என்றால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். இந்த விதி இன்றும் இருக்கிறது.

சரி, பிள்ளை எந்த வயதில் பாவம் செய்யும்? 1910-ம் ஆண்டில் போப் 10-ம் பத்திநாதர் இதற்குப் பதில் சொன்னார். சுமார் 7 வயதில் புத்தி விவரம் வருகிறது; அப்போது பாவசங்கீர்த்தனமும் புதுநன்மையும் கொடுக்கலாம் என்றார். 7 வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை திருடுவது தப்பு என்று தெரியும். அதற்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கணக்குக் கேட்பார் இல்லை. அப்படியிருக்க, கண் திறக்காத சிசுவிடம் மட்டும் என்ன கணக்கு?

அதே மாவட்டத்தில் உள்ள பெந்தெகொஸ்தே சபையார், விவரம் தெரிந்து விசுவாசித்தவர்களுக்கே முழுக்குக் கொடுக்கிறார்கள். இரட்சணிய சேனையார் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இறக்கின்றன. கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அவர்கள் அழுவதில்லை.

சீடர்கள் பிள்ளைகளை விரட்டியபோது இயேசு கோபப்பட்டார் என்கிறது மாற்கு சுவிசேஷம். அந்தப் பிள்ளைகள் ஞானஸ்நானச் சீட்டைக் காட்டிவிட்டா அவர் மடியில் ஏறின?

கத்தோலிக்கத் திருச்சபையும் மாறியிருக்கிறது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து, அதற்குள் குழந்தை இறந்தால், மேற்றிராணியார் அனுமதியோடு கோவில் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2007-ம் ஆண்டில் போப் 16-ம் பெனடிக்ட் சம்மதத்தோடு, வாத்திகான் அறிஞர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பத் தக்க காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. 'நிச்சயம்' என்று அது சொல்லவில்லை. 'நம்பலாம்' என்றுதான் சொன்னது. சுனாமி வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து!

இவ்வளவுக்குப் பிறகும் இழவு வீட்டுத் திண்ணையில், தாயின் காதில் விழும்படி, "ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாத்திகானே வாசலைத் திறந்து வைத்த பிறகு, இவர்கள் யார் குறுக்கே நிற்க?